சாப்பாட்டு மேசையில் முடிவானது

புதன்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு அந்தப் பதிலை எழுதினேன். "இதைப் பற்றி உள்ளுக்குள் கலந்து பேசினோம். வேறு வழியில் செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம். உங்கள் உழைப்புக்கு நன்றி." எழுதி முடித்ததும், வந்திருந்த திருத்தத்தை மூடினேன். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

எதை மூடினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கெருசி என்று ஒரு மென்பொருள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் நிலையங்களில், எந்த நோயாளி எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று பட்டியல் போட்டுத் தருவது அதன் வேலை. நாற்காலிக்கு மலாயில் வழங்கும் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். அதன் நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். எட்டு வருஷத்துக்கு முன் ஐந்து பேர் ஓய்வு நேரத்தில், சம்பளம் இல்லாமல் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி, தன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கெருசியைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டு, அதைக் கவனிக்க நான்கு பேரை மாதச் சம்பளத்தில் அமர்த்தியது. தலைமைப் பொறுப்பில் மோகனா அக்கா. அவருக்குக் கீழே ஷர்வின், ஹைதர், யுகேந்திரன் ஆகிய நான்.

எங்களுக்கு வெளியே முப்பது பேர் வரை இன்னமும் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். தைப்பிங்கில் ஒருவர், ஈப்போவில் இருவர், மெடானில் ஓர் ஆஸ்பத்திரித் தாதி, இப்படி. எல்லாரும் சந்திக்கும் இடம் இணையத்தில் உள்ள கெருசியின் பொதுப்பக்கம். திருத்தங்கள் அங்கேதான் வரும், அவற்றைப் பற்றிய பேச்சும் அங்கேதான் நடக்க வேண்டும். வெளியிலிருந்து வருவதைப் படித்துப் பதில் எழுதுவது என் வேலை.

நான் மூடிய, அதாவது வேண்டாம் என்று ஒதுக்கிய திருத்தம், தனலெட்சுமி என்பவர் அனுப்பியது. பொதுவிடுமுறை வரும்போது நோயாளிகளின் நாள்களை மாற்றி அடுக்கும் பகுதியை அவர் புதிதாக எழுதியிருந்தார். இரண்டு மாத வேலை. கெருசியின் நாள்காட்டிப் பகுதிக்கு நான்கு வருஷமாக அவரே பொறுப்பாளர். பொதுப்பக்கத்தில் பொறுப்பாளர்களின் பெயர்கள் உள்ள பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

எங்கள் நால்வருக்கும் ஒரு வழக்கம் உண்டு. அலுவலகத்தில் பேசிக்கொள்வது குறைவு. ஆளுக்கொரு காதொலிப்பான் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்போம். பேச வேண்டியதையெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு ஜாஹிர் அண்ணன் கடைக்குப் போகும்போது பேசுவோம். சோறு வந்து, தட்டு காலியாவதற்குள் அநேகமாக எல்லாம் முடிவாகிவிடும். நோன்பு மாதத்தில் அவர் கடை பகலில் திறக்காது. ஆகவே அந்த மாதம் மட்டும் தொழிற்பேட்டைக்குப் பின்னால் சந்திரிகா அக்கா போடும் சோற்றுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தப் புதன்கிழமை ஷர்வின்தான் ஆரம்பித்தான். "அந்த நாள்காட்டித் திருத்தம் இருக்கே, அத ஈப்போ நிலையத்தோட பட்டியல்ல போட்டுப் பாத்தேன். பக்கம் தொறக்கவே பன்னெண்டு செகண்டு. கோப்பி கலக்கிக் குடிச்சிட்டு வந்துடலாம்."

"பன்னெண்டா? எவன் காத்திருப்பான்?" என்றார் மோகனா அக்கா.

"எதுக்கு இவ்ளோ கஷ்டம்? வருஷாந்தர பொதுவிடுமுறைப் பட்டியல் இணையத்துல ரெடியா கெடைக்குது. அத இழுத்துப் போட்டா முடிஞ்சது. ஒரு மத்தியானம் வேலை," என்றான் ஷர்வின்.

"அவங்க ரெண்டு மாசமா எழுதினது," என்றேன்.

"யாராச்சும் காலேஜ் ஸ்டூடண்டா இருக்கும் லா. வேல தேடறப்ப காட்டறதுக்கு எழுதறாங்க. இல்லன்னா இவ்ளோ நீளமா யாரு எழுதுவா?" என்று ஷர்வின் சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

மோகனா அக்கா மோரை உறிஞ்சிக்கொண்டே, "சரி, பட்டியலயே போட்டுருவோம். யுகேன், அவங்களுக்கு நல்லவிதமா எழுதிடு," என்றார். நல்லவிதமாகத்தான் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பக்கத்தைத் திறந்தபோது அவருடைய பதில் வந்திருந்தது. "சரி. நன்றி." அதற்குக் கீழே இன்னொரு சிறிய திருத்தமும் இருந்தது. பொறுப்பாளர் பட்டியலிலிருந்து ஒரே ஒரு பெயரை நீக்கியிருந்தார், தன்னுடையதை.

கோபித்து நாலு வரி எழுதியிருந்தால் பதில் சொல்ல எனக்கு ஏதாவது இருந்திருக்கும். அந்த இரண்டு சொற்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஹைதர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"யுகேன், தனலெட்சுமியோட திருத்தத்த மூடுனது யாரு?"

"நான்தான்."

"உள்ளுக்குள்ள பேசினோம்னு போட்டிருக்கே. எந்த உள்ளுக்குள்ள? நானும் உள்ளதான இருக்கேன்?"

"நேத்து சாப்பிடறப்ப..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"நான் நோன்பு லா."

"தெரியும்."

"பதினோரு நாளா நான் இங்க தனியா உக்காந்திருக்கேன். நீங்க அங்க போயி ஆட்சி நடத்திட்டு வர்றீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதற்குப் பதில் இணையத்துப் பட்டியலைப் போடுகிறோம் என்று நான் சொன்னதும் என் திரையைப் பார்த்தான். "சரி, அந்த ரெடிமேட் பட்டியல்ல ஹரிராயா பெருநாள் என்னிக்கு?"

"செவ்வாய். பத்தொன்பது நாள் இருக்கு."

"பத்தொன்பதா, பதினெட்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெருநாள் எந்த நாள் என்பது முந்தின நாள் சாயந்திரம் பிறை பார்த்த பிறகு டிவியில் அறிவிப்பதுதான். அச்சடித்த நாள்காட்டி எதுவானாலும் அடியில் சின்ன எழுத்தில் மாறலாம் என்று போட்டிருக்கும். ஞாயிறு மாலை பிறை தெரிந்தால் திங்கட்கிழமை பெருநாள், தெரியாவிட்டால் செவ்வாய். மேசையில் இருந்த நாங்கள் மூவரும் இந்த ஊர்க்காரர்கள். சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்து, நாளைக்கே பள்ளிக்கூடம் லீவா என்று காத்திருந்தவர்கள். மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம். மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கக்கூடிய ஒரே ஆள் நோன்பு பிடித்துக்கொண்டு அலுவலகத்தில் இருந்தான்.

தனலெட்சுமியின் விளக்கத்தை முழுதாகப் படித்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். மூன்றாவது பத்தியிலேயே எழுதியிருந்தார். பெருநாளுக்கு இரண்டு திட்டம் முன்கூட்டியே தயாராகும். திங்களானால் யார் எப்போது வர வேண்டும், செவ்வாயானால் யார் எப்போது வர வேண்டும் என இரண்டையும் ஒரே சீட்டில் அச்சடித்து ஒரு வாரம் முன்னதாகவே நோயாளி கையில் கொடுத்துவிடலாம். அறிவிப்பு வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் சரியான திட்டம் எல்லாருடைய கைப்பேசிக்கும் செய்தியாகப் போய்விடும். டயாலிசிஸ் நோயாளிக்கு வாரம் மூன்று நாள் கணக்கு. ஒரு நாள் தவறினால் உடம்பில் நீர் கட்டி மூச்சு முட்டும். அதையும் எழுதியிருந்தார். அவர் எழுதியது நீளம் என்று சிரித்தது நாங்கள்.

மோகனா அக்காவிடம் போனோம். அவர் அந்தப் பத்தியைப் படித்தார். "தப்பு நம்மளதுதான்," என்றார்.

ஷர்வின், "அந்த ரெண்டு திட்டத்த நானே சேத்துடறேன், ரெண்டு நாள் போதும்," என்றான்.

"நோயாளிக்கு ரெண்டு நாளைக்கு மேல இடைவெளி விடக்கூடாதுன்னு அவங்க போட்டிருக்கற விதி ஒனக்குப் புரியுதா?" என்று ஹைதர் கேட்டான்.

ஷர்வின் அந்த விளக்கத்தைத் தன் திரையில் திறந்தான்.

"அவங்கள நம்ம ஆபீஸ் குரூப்ல சேத்துடு யுகேன்," என்றார் மோகனா அக்கா. "மன்னிப்பு கேட்டுட்டு உள்ள கூப்பிடு. பேசித் தீத்துக்கலாம். பெருநாளுக்கு முன்னால வர்ற கடைசிப் பதிப்பு அடுத்த புதனுக்கு அடுத்த புதன். அதுக்குள்ள இது உள்ள போகணும். இல்லன்னா எல்லா நிலையத்துலயும் செவ்வாய்னே காட்டும்."

மன்னிப்புக் கேட்டு, அழைப்பும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. அவர் பட்டர்வொர்த்தில் ஒரு தர்ம டயாலிசிஸ் நிலையத்தில் வேலை செய்பவர் என்பது அவருடைய பக்கத்திலேயே இருந்தது. சனிக்கிழமை காலை அக்கரைக்கு ஃபெரிப் படகு ஏறினேன்.

கீழே ஒரு டயர் கடை, மாடியில் நிலையம். பதினான்கு நாற்காலிகளில் ஆள்கள் சாய்ந்திருந்தார்கள். இயந்திரங்களின் சத்தம் ஒரே சீராக இருந்தது. முன் மேசையில் நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, தொலைபேசியைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டிருந்தார். வைத்ததும், "யாரப் பாக்கணும் தம்பி?" என்றார்.

"தனலெட்சுமிங்கறவங்க."

"நான்தான்."

பெயரைச் சொன்னேன். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஓ. உள்ளுக்குள்ள பேசினவங்களா?" என்றார். பிறகு, "உக்காருங்க. ரெண்டாவது ஷிப்டு ஆளுங்க பதினோரு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் பேசலாம்," என்றார்.

அவர் அங்கே கிராணி, அதாவது எழுத்தர். தீவுப் பக்கம் சுங்கை பினாங்கில் வீடு. தினமும் ஃபெரியில் வந்து போகிறார். நிரல் எழுதக் கற்றுக்கொண்டதும், நான்கு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பதும் அந்தப் பயணத்தில்தான், மிச்சம் ஞாயிற்றுக்கிழமைகளில். இதையெல்லாம் அவராகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். "தனம், யாரு இந்தத் தம்பி?"

"கெருசி கம்பெனிக்காரங்க, பக்கிரிசாமி அண்ணே."

"அப்படியா! தம்பி, என் கெருசிய ஜன்னல் பக்கம் போடச் சொல்லு. ரெண்டு வருஷமா இந்த அம்மாகிட்ட கேக்கறேன், கம்ப்யூட்டர் விடமாட்டேங்குதுங்குது."

"கம்ப்யூட்டர் விடும். நோர்மா அக்கா விடமாட்டாங்க," என்றார் தனலெட்சுமி. ஜன்னல் ஓரத்திலிருந்த மலாய் அம்மா, தன் பெயர் காதில் விழுந்து, என்னவென்று புரியாமல் கையை ஆட்டினார்.

"அவங்களப் பாருங்க," என்று தனலெட்சுமி குரலைத் தாழ்த்தினார். "போன பெருநாளுக்கு முந்தின நாள், அறிவிப்பு வந்தப்ப எட்டு மணி. மறுநாள் காலையில ஆறரைக்கு மொத ஷிப்டு. பெருநாள்னா பூட்டிடுவோம், எல்லாருக்கும் நாள் மாறும். அம்பத்திரண்டு பேரு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். அம்பத்தொரு பேரு கெடச்சாங்க. நோர்மா அக்கா மக வீட்டுக்குப் போயிட்டாங்க, போனுல சார்ஜ் இல்ல. காலையில வந்து பூட்டின கதவு முன்னாடி உக்காந்திருந்திருக்காங்க. மறுநாள் மூச்சு முட்டிடுச்சு. ஆஸ்பத்திரியில நாலு நாள்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அதுக்குத்தான் எழுதினேன். அந்த அம்மாவுக்கு, கையில ஒரு சீட்டு இருந்திருந்தா போதும்."

"எங்க தப்புதான்கா. பட்டியல் போட்டா போதும்னு நெனச்சிட்டோம்."

"நெனைங்க. நீங்க வேணாம்னு சொன்னதுல எனக்கு வருத்தமில்ல தம்பி. இதுக்கு முன்னாடி ஆறு தடவ வேணாம்னு சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஏன்னு சொன்னாங்க. திருத்தி மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவ உள்ளுக்குள்ள பேசினோம்னு எழுதினீங்க. அப்ப நான் வெளியில இருக்கேன். நாலு வருஷமா அது எனக்குத் தெரியல."

"காரணம் இருந்துச்சுக்கா. ரொம்ப மெதுவா ஓடுது. ஈப்போவுல நானூறு பேரு இருக்கற நிலையத்தோட பட்டியல்ல போட்டுப் பாத்தா பன்னெண்டு செகண்டு."

"நானூறு பேரா?" கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். "எங்கிட்ட அம்பத்திரண்டு பேருதான். எனக்கு ஒரு செகண்டுகூட ஆகல." மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தவர், எழுதாமல் வைத்துவிட்டார். "இதச் சொல்ல ஒரு வரி போதுமே தம்பி. நீங்க மூணு வரி எழுதினீங்க."

எங்கள் குரூப்பில் அவரைச் சேர்த்துக்கொள்ள மோகனா அக்கா சொன்னதை மறுபடி எடுத்துச் சொன்னேன். இனிமேல் எல்லாவற்றையும் உடனுக்குடன் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

"தைப்பிங்ல இருக்கற நூருலுக்கும் அழைப்பு உண்டா? அந்த மலாய் மொழிபெயர்ப்பு முழுக்க அவங்க செஞ்சது."

"இல்ல..."

"மெடான்ல இருக்கற தாதிக்கு?"

"இல்லக்கா."

"அப்ப உங்க மேசையில இன்னொரு ஆளுக்கு எடம் போடறீங்க. நான் வந்து உக்காந்துட்டா, நானும் அங்க பேசிட்டு அவங்களுக்கு மூணு வரி எழுதுவேன். வேணாம் தம்பி."

"நான் என்னதான் செய்யணும்?"

"அன்னிக்கு சாப்பிடறப்ப என்ன பேசினீங்களோ, அத எழுதுங்க. பொதுப்பக்கத்துல. யாரு என்ன சொன்னா, எதுக்குச் சொன்னா. எழுதிட்டு வேணாம்னா வேணாம்னே சொல்லுங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எத விடப் பாக்கறீங்க?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். "நீங்க காலேஜ் ஸ்டூடண்டா இருப்பீங்கன்னு ஒருத்தன் சொன்னான்."

அவர் சிரிக்க ஆரம்பித்ததில் கண்ணாடி நழுவியது. பக்கிரிசாமி அண்ணன் குலுங்கினார். "ஸ்டூடண்டா! தனம், இந்த நவம்பர் வந்தா ஒனக்கு நாப்பத்தி நாலு!"

"அண்ணே, அசையாதீங்க, ஊசி கழண்டுக்கும். வயசு சொல்றதுல மட்டும் கணக்குப் பிசகாது."

கிளம்பும்போது, கடைசிப் பதிப்பு எந்தப் புதன் என்று சொன்னேன். அதற்குள் செய்து தருவேன் என்று அவர் சொல்லவில்லை. "மொதல்ல எழுதுங்க. பாக்கறேன்," என்றார். அதற்குள் படியில் ஆள்கள் ஏறி வரத் தொடங்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். மேசையில் பேசியதை எழுதுவது, பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது. பேசும்போது நியாயமாகத் தெரிந்தவை எழுத்தில் வேறு மாதிரி நின்றன. திங்கட்கிழமை காலை அச்செடுத்து மோகனா அக்காவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"சோத்துக்கடையில முடிவு பண்ணினோம்னு போட்டிருக்கே."

"அங்கதானக்கா பண்ணினோம்."

"மேல இருக்கறவங்க படிப்பாங்கடா. நாலு பேருக்கு சம்பளம் குடுத்து, சோறு தின்னுக்கிட்டே முடிவெடுக்கறாங்கன்னு சொல்லமாட்டாங்க?"

"சொல்லுவாங்க. வேணும்னா அந்த எடத்த மட்டும்..."

"ஹைதர் இல்லாதப்பன்னும் போட்டிருக்கே."

ஹைதர் தன் இடத்திலிருந்தே, "அத எடுக்காதீங்க," என்றான்.

மோகனா அக்கா பேனாவை எடுத்தார். எதை அடிப்பாரோ என்று பார்த்தேன். எதையும் அடிக்கவில்லை. அடியில் சேர்த்து எழுதினார். "முடிவைச் சொன்னது நான். விளக்கத்தை முழுதாகப் படிக்காமல் சொன்னேன். மோகனா." என்னிடம் நீட்டினார். "போடு. மேல நான் பேசிக்கறேன்."

ஷர்வின் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "என் பேர எடுத்துடு லா யுகேன். சும்மா வெளாட்டுக்குச் சொன்னது. ஒலகம் பூரா படிக்கணுமா?"

"ஸ்டூடண்ட் விஷயம் எழுதல. பன்னெண்டு செகண்டு ஒன் பேருல இருக்கு. அது நெசம்தான?"

"அது நெசம். அத எடுக்காதே. எந்த எடத்துல மெதுவாவுதுன்னு நானே கீழ எழுதறேன்," என்றான். எழுதவும் செய்தான், அளந்து பார்த்த எண்களோடு, எங்கள் எல்லாரையும்விட ஒழுங்காக.

பதினொரு மணிக்குப் பொதுப்பக்கத்தில் போட்டேன். திருத்தத்தை மறுபடி திறந்தும் வைத்தேன். செவ்வாய் போனது. புதன் சாயந்திரம், ஃபெரி நேரத்தில், தனலெட்சுமியிடமிருந்து பதில் வந்தது. மன்னித்தேன் என்றோ நன்றி என்றோ அதில் இல்லை. ஷர்வினிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. நானூறு பேரில் எத்தனை பேர் அந்த இரண்டு நாள்களில் வருகிறவர்கள்? மெதுவாவது கணக்குப் போடும்போதா, திரையில் காட்டும்போதா?

கணக்குப் போடும்போது என்று ஷர்வின் எழுதினான். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் எல்லா நோயாளிகளுக்கும் இரண்டு திட்டத்தையும் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை போட்டுச் சேமித்து, ஆள் மாறினால் மட்டும் திரும்பப் போடும்படி தனலெட்சுமி மாற்றினார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு வினாடி ஒன்றரை வினாடி ஆகியிருந்தது.

அதோடு முடியவில்லை. செவ்வாய்த் திட்டத்தில் ஒரு நோயாளிக்கு மூன்று நாள் இடைவெளி விழுகிறது என்று ஷர்வின் கண்டுபிடித்தான். தனலெட்சுமியின் விதியிலேயே பிழை. ஒருவர் ஒரே வாரத்தில் ஏற்கெனவே நாள் மாற்றியிருந்தால் அது கணக்கில் வரவில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று இருவருக்கும் இடையே பொதுப்பக்கத்திலேயே பதினோரு பதில்கள் போய் வந்தன. ஓரிடத்தில் அவர், "நீங்கள் ஒருநாளாவது ஒரு நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். "இல்லை," என்று ஷர்வின் எழுதியிருந்தான். "ஆனால் உங்கள் பதினேழாவது வரி தப்பு." தப்புதான். அவர் திருத்தினார். இதைப் படித்துக்கொண்டிருந்த மெடான் தாதி, சீட்டில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், வயதானவர்களுக்குத் தெரியாது என்றார். தைப்பிங் நூருல் சீட்டின் மலாய் வாசகத்தை மூன்று சின்ன வரிகளாகச் சுருக்கிக் கொடுத்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாம் எழுத்தில் கிடந்ததால் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அந்தத் திருத்தத்தை ஷர்வினே கெருசியில் சேர்த்தான். புதன்கிழமை பதிப்பு வெளியானது. வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த் நிலையத்தில் சீட்டுகள் கொடுத்தாகிவிட்டன என்று பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஆனால் பொறுப்பாளர் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடம் காலியாகவே இருந்தது. கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஞாயிறு மாலை ஹைதர் வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தான். மோகனா அக்காவும் ஷர்வினும் நானும் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்து எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை.

"இழுத்துப் போட்ட பட்டியலா இருந்தா இந்நேரம் நம்ம கத என்ன?" என்றான் ஹைதர். அவனுடைய அம்மா கொண்டுவந்த பலகாரத்தை ஷர்வின் வாயில் போட்டுக்கொண்டு, கேட்காத மாதிரி இருந்தான். ஆனால் கையிலிருந்த கைப்பேசியில் பொதுப்பக்கத்தைத்தான் திறந்து வைத்திருந்தான்.

எட்டு பன்னிரண்டுக்குத் தனலெட்சுமி எழுதினார். "திங்கள். அழுத்திவிட்டேன். ஐம்பத்திரண்டு பேருக்கும் செய்தி போனது. நால்வரிடமிருந்து இன்னும் பதில் இல்லை, அவர்களைக் கூப்பிடுகிறேன்." அடுத்து ஈப்போ நிலையத்திலிருந்து ஒருவர் எழுதினார், நானூற்று ஆறு பேருக்குப் போனதாக. எட்டு முப்பத்தைந்துக்கு மறுபடி தனலெட்சுமி. "நான்கு பேரும் கிடைத்தார்கள். நோர்மா அக்காவுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, போனில் இன்றைக்கும் சார்ஜ் இல்லையாம். மகள் போனிலிருந்து அவரே கூப்பிட்டார். சீட்டைப் பார்த்து, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அவரே எனக்குச் சொன்னார்."

ஷர்வின் அதை உரக்கப் படித்தான். ஹைதரின் அம்மாவுக்கு யார் அந்த நோர்மா என்று சொல்ல வேண்டியிருந்தது. மோகனா அக்கா சொன்னார்.

பெருநாள் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை அலுவலகம் திரும்பியபோது, பொதுப்பக்கத்தில் தனலெட்சுமியின் புதிய திருத்தம் ஒன்று காத்திருந்தது. நிரல் அல்ல, விதி. கெருசியில் எப்படிப் பங்களிப்பது என்று விளக்கும் ஏட்டில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தார். "பக்கத்துக்கு வெளியே எங்கே, யார் பேசி எடுத்த முடிவானாலும், அதைக் காரணத்தோடு இங்கே எழுதி மூன்று நாள் ஆகும்வரை அது முடிவல்ல."

கீழே நூருல் எழுதியிருந்தார். "மூன்று நாள் எனக்குப் போதாது. பள்ளியில் வேலை. இப்போது விடுமுறை, மற்றபடி ஞாயிறு மட்டும்தான் இங்கே வர முடிகிறது." எங்களில் ஒருவர் பதில் சொல்வதற்கு முன்பே தனலெட்சுமி மூன்றை ஏழாக்கியிருந்தார்.

"ஏழு நாளா!" ஷர்வின் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "பட்டியல் தப்பா காட்டுது, ஆளு வாசல்ல நிக்கிறாங்கன்னா, அதுக்கும் ஏழு நாளா? மோகனாக்கா, இது ஆவாது."

"எங்கிட்ட ஏன் சொல்றே?" என்றார் மோகனா அக்கா, தலையைத் திருப்பாமல்.

ஷர்வின் உட்கார்ந்து எழுதினான். நோயாளியின் முறையைத் தவறாகக் காட்டும் பிழைகளை உடனே திருத்தலாம், காரணத்தை அன்றே எழுதிவிட வேண்டும் என்று ஒரு விலக்கு கேட்டான். "நியாயம்," என்று அரை மணியில் பதில் வந்தது. விலக்கும் சேர்ந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. நாள்காட்டிப் பகுதியின் பொறுப்பாளர் என்ற காலி இடத்தில் தனலெட்சுமி தன் பெயரை எழுதியிருந்தார்.

"சேத்துடு யுகேன், சீக்கிரம்," என்றார் மோகனா அக்கா. "மனசு மாறிடப் போவுது."

நான் சேர்க்கும் பொத்தானை அழுத்தப் போனேன். ஹைதர், "ஏழு நாள் ஆவல," என்றான்.

"விதியே இன்னும் சேரலையே லா," என்றான் ஷர்வின்.

"சேரலதான். இருந்தாலும், நூருல் ஞாயித்துக்கெழமதான பாப்பாங்க?"

மோகனா அக்கா என்னைப் பார்த்தார். நான் பொத்தானை விட்டுவிட்டு, கீழே பதில் எழுதினேன். அடுத்த வியாழன்வரை திறந்திருக்கும், மறுப்பு உள்ளவர்கள் எழுதலாம், மறுப்பு இல்லையென்றால் அன்று காலை ஒன்பது மணிக்குச் சேர்க்கிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை நூருல் ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஒன்பது மணிக்குச் சேர்த்தேன்.